பழைய ப்ளூஸ் பாடல்களைக் கேட்கப் பழகுவது: எதை முதலில், எதைக் கடைசியில்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசையைக் கேட்க ஆரம்பிக்கும் பலரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். எங்கேயோ ராபர்ட் ஜான்சன் என்ற கிட்டார் பாடகரின் பெயரைப் படித்துவிட்டு, 1936-இல் பதிவான ஒரு பாட்டைப் போனில் போடுவார்கள். இரைச்சலும் ஒல்லியான குரலும்தான் கேட்கும். அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். இன்னும் சிலர், எல்லாவற்றையும் ஒழுங்காக ஆரம்பத்திலிருந்தே கேட்கிறேன் என்று 1920-க்குப் போய், அதைவிடச் சீக்கிரம் களைத்துவிடுவார்கள்.

இந்த வழிகாட்டி காலவரிசைப்படி போகாது. 1969-இல் தொடங்கி, 1950-களுக்கு வந்து, அங்கிருந்து 1920-கள், 30-களுக்கு இறங்கி, கடைசியில் வாத்தியமே இல்லாமல், வேலை செய்துகொண்டே பாடும் பாட்டில் முடியும். காதுக்கு முதலில் பிடிபட வேண்டியது பாட்டின் கட்டமைப்பு. அது தெளிவான ஒலிப்பதிவில்தான் எளிதாகப் பிடிபடும். பிடிபட்ட பிறகு, எவ்வளவு தேய்ந்த இசைத்தட்டாக இருந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று காதே கண்டுபிடித்துக்கொள்ளும்.

1. உட்காரும் முன் தயார் செய்ய வேண்டியவை

ஹெட்போன் கட்டாயம். சாதாரண இயர்போன் போதும், போன் ஸ்பீக்கர் போதாது. பாட்டில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) மாறுவது முதலில் பேஸ் என்னும் கனத்த அடி ஒலியில்தான் தெரியும். போன் ஸ்பீக்கரில் அந்த ஒலி அநேகமாக வராது.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கால இசைத்தட்டில், 10 அங்குல அளவில், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிற மாதிரிதான் பாட்டைக் கட்டினார்கள். ஒரே பாட்டை அடுத்தடுத்து மூன்று முறை கேட்பது, முப்பது பாட்டை ஒரு முறை கேட்பதைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

தேடும்போது பாட்டின் பெயரோடு பாடகர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். இதை அலட்சியமாக விடுகிறவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். பல பாடகர்கள் ஒரே பாட்டைப் பின்னாளில் வேறு கம்பெனிக்குத் திரும்பப் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். ஜான் லீ ஹூக்கர் ஒப்பந்தச் சிக்கலைத் தவிர்க்க டெக்சஸ் ஸ்லிம், ஜான் லீ புக்கர் என்று வேறு வேறு பெயர்களில்கூடப் பதிவு செய்தார். ஸ்ட்ரீமிங் தளங்களில் இவையெல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும்.

பாடல் வரிகளை முதல் தடவை பார்க்காதீர்கள். கண் வரியில் இருந்தால் காது பாதி தூங்கிவிடும். இரண்டாம் தடவை எடுத்துக்கொள்ளலாம். வரிகளில் இரட்டை அர்த்தம் நிறைய வரும், அந்தக் காலத்து முரட்டுத்தனமும் வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

2. விரல் கணுவில் பன்னிரண்டு எண்ணுங்கள்

ப்ளூஸின் மிகப் பரவலான வடிவம் 12 பார். ஒரு பாருக்கு நான்கு தட்டு. நான்கு பார் சேர்ந்தால் ஒரு வரி, மூன்று வரி சேர்ந்தால் ஒரு சுற்று. அந்தச் சுற்றுதான் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

இதை எண்ணக் கை போதும். நான்கு விரல்களில் மூன்று மூன்று கணு, ஆக பன்னிரண்டு. கட்டைவிரலைச் சுட்டுவிரலின் மேல் கணுவில் வையுங்கள். காலால் நான்கு தட்டு தட்டியதும் நடுவிரலின் மேல் கணு, அடுத்து மோதிர விரல், அப்புறம் சுண்டுவிரல். முதல் வரி முடிந்தது. இரண்டாம் வரிக்கு மறுபடி சுட்டுவிரலுக்கு வந்து நடுக் கணுக்கள். மூன்றாம் வரிக்கு அடிக் கணுக்கள். விரல்வாக்கில் மேலிருந்து கீழே எண்ணாமல் இப்படிக் குறுக்காக எண்ணினால்தான், ஒவ்வொரு வரிசையும் பாட்டின் ஒரு வரியோடு பொருந்தும்.

முதல் பாட்டு: பி. பி. கிங், 'தி த்ரில் இஸ் கான்', 1969. குரல் நுழையும் இடத்தை ஒன்று என்று வைத்து எண்ணத் தொடங்குங்கள். மேல் வரிசை நான்கு கணுவும் ஒரே கார்டு. அதை ச என்று வைத்துக்கொள்வோம். நடு வரிசையின் முதல் கணுவில் பேஸ் ம-வுக்கு நகரும், இரண்டு பார் அங்கே நிற்கும், பிறகு ச-வுக்குத் திரும்பும். அடி வரிசையில் ப-வுக்குப் போய் இறங்கும். இந்தப் பாட்டில் மட்டும் ப-வுக்கு முன்னால் ஒரு பார் த-வில் நின்றுவிட்டுப் போகும். மற்ற 12 பார் பாடல்களில் பெரும்பாலும் அடி வரிசை ப, ம, ச, ச என்று இருக்கும். கடைசிக் கணுவில் அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட மறுபடி ப வருவதும் உண்டு.

மைனர் என்னும் சோகச் சாயலில், பின்னணியில் வயலின்களோடு வரும் பாட்டில் போய் ப்ளூஸைத் தொடங்குவதா என்று விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வேகம் குறைவு, ஒலி சுத்தம், முதல் வரி முழுக்கக் கார்டு அசையாமல் நிற்கிறது. பழகுபவருக்கு இந்த மூன்றும் ஒரே பாட்டில் கிடைப்பது அபூர்வம்.

நம் ஊர்க் காதுகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தம்புராவின் மாறாத சுருதியில் பழகிய காது, மேலே பாடும் குரலையே பின்தொடரும். அடியில் தரை நகர்வதைக் கவனிக்காது. ச-விலிருந்து ம-வுக்கு மாறியதே தெரியவில்லை என்றால், ஒரு முறை குரலை முழுக்க விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். எண்ணிக்கை நடுவில் தவறிவிட்டால் ஊகித்து ஒட்ட வேண்டாம். அடுத்த சுற்றின் தொடக்கத்துக்குக் காத்திருந்து ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

3. வார்த்தை இல்லாமல் ஒன்று, உடைத்துக் கட்டியது ஒன்று

குரலைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது சுலபம். அதை எடுத்துவிட்டும் எண்ண முடிகிறதா என்று பார்க்க வேண்டும். லிட்டில் வால்டரின் 'ஜூக்', 1952. பாட்டே கிடையாது, மவுத் ஆர்கன்தான். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரு கைக்குள் பொத்திப் பிடித்து, ஆம்ப்ளிஃபையர் வழியாக ஊதியிருக்கிறார். அதனால்தான் சாக்ஸபோன் அளவுக்குத் தடிமனாகக் கேட்கிறது. ஒவ்வொரு 12 பாருக்கும் அவர் புதிதாக ஏதாவது செய்வார். சுற்று மாறும் இடம் காதில் தானாக விழ ஆரம்பித்தால் அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது மட்டி வாட்டர்ஸ், 'ஹூச்சி கூச்சி மேன்', 1954. எழுதியவர் வில்லி டிக்சன். இதில் 12 எண்ணினால் உதைக்கும், ஏனென்றால் இது 16 பார். வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னச் சொற்றொடரை அடித்துவிட்டு நிற்க, அந்த இடைவெளியில் மட்டி பாடுவார். அந்தப் பகுதி ச-விலேயே எட்டு பார் ஓடும். அதன் பிறகு வரும் எட்டும் நீங்கள் ஏற்கெனவே அறிந்த நடு வரிசையும் அடி வரிசையும்தான். அதாவது முதல் வரியை மட்டும் நான்கிலிருந்து எட்டாக இழுத்திருக்கிறார்கள். அந்த இழுப்பு காதுக்குத் தெரிய வேண்டுமென்றால் 12 முதலில் கைக்கு வந்திருக்க வேண்டும். இதை இரண்டாவது படிக்குப் பின் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

4. 1925-க்கு இறங்குங்கள்: வரிக்குப் பதில் யார் சொல்கிறார்கள்?

12 பார் பாட்டின் வரிகளைக் கவனித்தால், முதல் வரியே இரண்டாம் வரியாகத் திரும்ப வரும். மூன்றாம் வரி அதற்கு முடிவு சொல்லும். மேடையில் கட்டிப் பாடுகிறவருக்கு மூன்றாம் வரியை யோசிக்க இதில் அவகாசம் கிடைக்கும். இன்னொன்று, நான்கு பார் கொண்ட வரியில் குரல் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி இரண்டு பார் பதிலுக்கு.

பி. பி. கிங்கிடம் பதில் சொன்னது அவருடைய கிட்டாரேதான். அவர் பாடும்போது அது சும்மா இருக்கும், பாட்டு நின்றதும் பேசும். இப்போது பதில் சொல்ல இன்னொரு ஆள் இருக்கும் பதிவைக் கேளுங்கள்: பெஸ்ஸி ஸ்மித், 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', ஜனவரி 1925. ட்ரம்பெட் போன்ற ஊதுகருவியான கார்னெட்டை வாசிப்பவர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். அடியில் நீளமாக இழுத்துக்கொண்டிருக்கும் ஒலி நமக்குத் தெரிந்த ஆர்மோனியத்தின் உறவுதான். வாசிப்பது ஃப்ரெட் லாங்ஷா. வேறு யாரும் இல்லை.

மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பெஸ்ஸியை மட்டும். இரண்டாம் முறை கார்னெட்டை மட்டும்: பெஸ்ஸி ஒரு வரியைத் தாழ்த்தி முடித்தால் அவர் எங்கே எடுக்கிறார், எவ்வளவு நீட்டுகிறார் என்று பாருங்கள். மூன்றாம் முறை இருவரையும் சேர்த்து. இரண்டு 12 பார் சுற்று போனதும் ஒரு 16 பார் பகுதி வரும், பிறகு மறுபடி 12. டபிள்யூ. சி. ஹேண்டி 1914-இல் அச்சிட்ட பாட்டு இது. அவர் பயிற்சி பெற்ற இசைக்குழுத் தலைவர். தெருவில் கேட்ட வடிவத்தை மேடைக்கு ஏற்றபடி பகுதி பகுதியாகக் கட்டியிருக்கிறார்.

குரல் கொஞ்சம் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும். மைக் வைத்துப் பதியும் மின்முறை 1925-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பெரிய குழல் ஒன்றின் வாய்க்குள் பாட வேண்டும். அந்தக் குழலையும் மீறி வெளியே வருகிற குரல் பெஸ்ஸியுடையது.

இந்த இடத்தில் புதியவர்கள் ஒரு தவறான கணக்குப் போடுவார்கள். கறுப்பினப் பாடகி ஒருவர் பதிவு செய்த முதல் ப்ளூஸ் தட்டு மேமி ஸ்மித்தின் 'கிரேஸி ப்ளூஸ்', ஆகஸ்ட் 1920, நியூயார்க். மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தி நிலமான டெல்டாவில் தனியாகக் கிட்டார் வாசித்துப் பாடிய ஆண்கள் தட்டில் வருவது 1920-களின் பின்பாதியில். ஆகவே மேடைப் பாடகிகளின் பாணிதான் பழையது, கிராமத்துக் கிட்டார் அதிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். தட்டின் தேதி, கம்பெனி எப்போது கடையைத் திறந்தது என்பதைத்தான் சொல்கிறது. 'கிரேஸி ப்ளூஸ்' விற்ற விற்பனையைப் பார்த்த பிறகுதான், கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு உறைத்தது. நகரத்து மேடைப் பாடகிகள் பக்கத்திலேயே இருந்தார்கள், அவர்களை முதலில் பதிந்தார்கள். மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் 1903 வாக்கில் ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்திக் கிட்டார் வாசித்துப் பாடியதைக் கேட்டதாக ஹேண்டி பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரைப் பதிய எந்தக் கம்பெனியும் வரவில்லை.

5. காந்தாரத்தைத் தேடுங்கள்

ப்ளூ நோட் என்று சொல்லப்படும் சுரத்தை விளக்கப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதும். கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இரண்டே வரி போதும். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஒரு இடம், அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும் குரல். நிஷாதத்திலும் இதே கதை, கைசிகி பக்கம் சாய்ந்து. பியானோவில் அந்த நடு இடத்துக்குக் கட்டையே கிடையாது. அதனால் பியானோக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைச் சேர்த்து நசுக்குவார்கள். கிட்டாரில் தந்தியை வளைக்கலாம், அல்லது கண்ணாடி பாட்டிலின் உடைந்த கழுத்தையோ கத்தியையோ தந்தியில் வைத்து வழுக்கலாம்.

இதற்குக் கேட்க வேண்டியது பிளைண்ட் வில்லி ஜான்சனின் 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்', டிசம்பர் 1927, டல்லாஸ். அவர் பாடியவை கிறிஸ்தவப் பக்திப் பாடல்கள், ஆகவே கறாராகப் பார்த்தால் இது ப்ளூஸ் இல்லை. ஆனால் காதுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பதிவு கிடைக்காது. வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது. ஒரு முனகலும் ஒரு ஸ்லைடு கிட்டாரும் ஒரே பாதையில் போகின்றன. குரல் விட்ட இடத்தைக் கிட்டார் தொடும், கிட்டார் தொட்டதைக் குரல் முடிக்கும். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் இதுவும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கமகம் தெரிந்த காது உடனே ராகம் தேட ஆரம்பிக்கும். தேடாதீர்கள். ஆரோகணம், அவரோகணம் என்று பொருத்திப் பார்க்கத் தொடங்கினால், அடுத்து வரும் டெல்டாப் பாடல்களில் கிட்டாரின் அடித்தாளத்தைத் தவறவிடுவீர்கள். அங்கே பாதி விஷயம் அதில்தான்.

6. டெல்டா: ராபர்ட் ஜான்சனை இரண்டாவதாக வையுங்கள்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டெல்டா என்றதும் ஆறு கடலில் கலக்கும் இடம் நினைவுக்கு வரும். மிசிசிப்பி டெல்டா அதுவல்ல. மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பிக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் தட்டையான பருத்தி நிலம். கடல் வெகு தூரத்தில். வரைபடத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பாடல்களில் வரும் ஊர்ப் பெயர்களும் ரயில் பாதைகளும் பெரும்பாலும் இங்கேதான்.

இறங்கும் படி மிசிசிப்பி ஜான் ஹர்ட். அவருடைய ஊர் டெல்டாவுக்கு ஓரத்தில், மேட்டு நிலத்தில் இருக்கிறது. வாசிப்பும் டெல்டாக்காரர்களைவிட மென்மை. 'அவலான் ப்ளூஸ்', 1928. கட்டைவிரல் பேஸ் தந்திகளை மாற்றி மாற்றி அசராமல் தட்டும், மற்ற விரல்கள் மேலே மெட்டு வாசிக்கும். இந்த வேலைப் பிரிவினையை இங்கே கேட்டுப் பழகிக்கொண்டால், அடுத்து வருபவரைக் கேட்டு இன்னொரு கிட்டார் யார் வாசிப்பது என்று கேட்க மாட்டீர்கள். இந்தப் பாட்டில் அவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் 1963-இல் ரசிகர்கள் அவலானுக்குப் போய் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது ராபர்ட் ஜான்சன். அவர் பதிவு செய்தது 29 பாட்டு. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும், 1937 ஜூனில் டல்லாஸிலும். 1938 ஆகஸ்டில் 27 வயதில் இறந்துவிட்டார். 'கம் ஆன் இன் மை கிச்சன்' பாட்டில் தொடங்குங்கள். இதற்கு 12 எண்ண வேண்டாம், வடிவம் வேறு. இரண்டு டேக், அதாவது ஒரே பாட்டை இரண்டு தடவை பாடிய பதிவுகள், இருக்கின்றன. மெதுவாக இருக்கும் டேக்கில், பாட்டை நடுவில் நிறுத்தி, காற்று ஊளையிடுவது கேட்கவில்லையா என்று பேச்சுக் குரலில் கேட்பார். கிட்டார் உடனே ஒற்றைத் தந்தியில் அந்தக் காற்றைச் செய்து காட்டும். இரண்டு டேக்கையும் அடுத்தடுத்துக் கேட்டால், எதை அவர் தீர்மானித்து வைத்திருந்தார், எது அந்த நேரத்தில் வந்தது என்று பிரித்தறியலாம்.

நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றார் என்ற கதையைப் படிக்காமல் யாரும் இங்கே வந்து சேர்வதில்லை. 'கிராஸ் ரோடு ப்ளூஸ்' வரிகளைப் படித்துப் பாருங்கள். மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறார், போகிற வண்டியை நிறுத்தப் பார்க்கிறார், யாரும் நிறுத்தவில்லை, இருட்டிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான். பேரம் எதுவும் இல்லை. இதே கதை அவருக்கு முந்திய டாமி ஜான்சனைப் பற்றியும் சொல்லப்பட்டதுதான். கதையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டால், தெற்கு மாநிலம் ஒன்றில் இருட்டிய பிறகு ரோட்டில் தனியாக நிற்கும் ஒரு கறுப்பு இளைஞனின் நிஜமான பயம் காதில் விழாமல் போய்விடும்.

பாராமவுன்ட் கம்பெனித் தட்டுகள் (சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ்) இவை எல்லாவற்றையும்விட இரைச்சலாக இருக்கும். அது விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றின் கிளை. தட்டு மலிவான சரக்கு. மூல அச்சுகள் மிஞ்சவில்லை, யார் வீட்டிலோ தேய்ந்து கிடந்த பிரதிகளிலிருந்துதான் இன்று கேட்கிறோம். ஒலியை ஏற்றாமல் இறக்கிக் கேளுங்கள். இரைச்சல் பின்னால் போய், குரல் முன்னால் வரும்.

7. ஒரே பாட்டை நான்கு பேரிடம் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆனால் இது வரைக்கும் வந்த படிகளை முடித்திருந்தால்தான் பலன் முழுசாகக் கிடைக்கும்.

முதலில் சன் ஹவுஸ், 'மை பிளாக் மாமா', 1930, விஸ்கான்சின் மாநிலம் கிராஃப்டன். தட்டின் இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. அவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர், குரலில் அது அப்படியே இருக்கும். கிட்டாரை வாசிக்கிறார் என்பதைவிட அடிக்கிறார் என்று சொல்லலாம். இரண்டாம் பக்கத்தில், காதலி இறந்த செய்தியோடு கடிதம் வரும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1965-இல் இதே வரிகள்தான் அவருடைய 'டெத் லெட்டர்' பாட்டாக வளர்ந்தன.

அடுத்து ராபர்ட் ஜான்சன், 'வாக்கிங் ப்ளூஸ்', 1936. மெட்டு சன் ஹவுஸுடையது. ஆனால் அடித்தாளம் இப்போது சீராகிவிட்டது, நடனத்துக்கு ஆடலாம்.

மூன்றாவது, மட்டி வாட்டர்ஸ், 'கன்ட்ரி ப்ளூஸ்', 1941. அப்போது அவர் ஸ்டோவால் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் வந்து பதிந்தார்கள். பாட்டு முடிந்ததும் வரும் பேட்டியையும் விடாமல் கேளுங்கள். 1938-இல் கார் டயர் பஞ்சரை ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் தன்னை நடத்திய விதத்தை நினைத்து இதைக் கட்டினேன் என்கிறார். கொஞ்ச நேரத்தில், இது சன் ஹவுஸிடம் கற்றது என்கிறார். ராபர்ட் ஜான்சனின் தட்டும் தெரியும் என்கிறார். புதியவர்கள் இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் பொய் சொல்கிறாரா என்பார்கள். இல்லை. மெட்டும் பல வரிகளும் எல்லோருக்கும் பொது. எந்த வரியை எடுத்து, எதற்குப் பின் வைத்து, எந்த அனுபவத்துக்குப் பயன்படுத்தினாய் என்பதுதான் பாட்டைக் கட்டுவது. மூன்று பதிலும் ஒரே நேரத்தில் உண்மை.

நான்காவது, அதே மட்டி, 'ஐ ஃபீல் லைக் கோயிங் ஹோம்', 1948. நடுவில் 1943-இல் அவர் சிகாகோ போய்விட்டார். நகரத்து மதுக்கடைச் சத்தத்தில் வெறும் மரக் கிட்டார் எடுபடாது. ஆகவே மின்சாரக் கிட்டார், துணைக்கு ஒரு பேஸ். ஸ்லைடு அதே ஸ்லைடுதான், ஆனால் இப்போது ஒவ்வொரு சுரமும் நீளமாக நின்று ஒலிக்கிறது.

நான்கையும் கேட்டபின் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிப் பாருங்கள்: மாறாமல் நிற்கும் மெட்டுத் துண்டு எது, தாளம் எந்த இடத்தில் மாறியது, எந்த வரி யாரிடம் மட்டும் இருக்கிறது. பழைய ப்ளூஸ் பாட்டை யார் எழுதியது என்ற கேள்வியை இனி எப்படிக் கேட்க வேண்டும் என்பது இதில் விளங்கிவிடும்.

8. இப்போது விரல் கணுவை விட்டுவிடுங்கள்

12 பார் கைக்கு வந்ததும் எல்லாவற்றிலும் அதைத் தேடும் வியாதி வரும். ஜான் லீ ஹூக்கரின் 'பூகி சில்லன்', 1948, டெட்ராய்ட், அதற்கு மருந்து. கிட்டார், குரல், தரையில் தட்டும் கால். கார்டு மாற்றம் இல்லை, 12 இல்லை. கதை முடியும்போது வரி முடியும். ஹவ்லிங் வுல்ஃபின் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்', 1956, முழு வாத்தியக் குழு இருந்தும் ஒரே கார்டில் நிற்கிறது. வுல்ஃப் குரலை மேலே உடைத்து ஊளையிடும் இடத்தில்தான் அதன் அசைவே.

தனியாக வாசிப்பவர்கள் 12 பார் வடிவத்திலும் ஒரு பாரைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். கூட யாரும் வாசிக்காதபோது யாரைக் கேட்க வேண்டும்? அதைத் தப்பு என்று எண்ணித் திருத்திக் கேட்காதீர்கள்.

9. கருவி இல்லாத பாட்டு கடைசியில்

சன் ஹவுஸின் 'கிரின்னின் இன் யுவர் ஃபேஸ்', 1965. குரலும் கைதட்டலும் மட்டும். கைதட்டல் சீராக விழாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அங்கிருந்து மிசிசிப்பியின் பார்ச்மேன் சிறைப்பண்ணைக்கு. 1947, 48-இல் ஆலன் லோமாக்ஸ் பதிந்த கைதிகளின் வேலைப்பாடல்கள். முன்பாடுபவர் ஒரு வரி எடுக்க, மற்றவர்கள் பதில் சொல்ல, கோடரிகள் ஒன்றாக இறங்கும். பெஸ்ஸிக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் நடுவே நடந்ததும் இதுதான். முன்பாடுபவரின் கையில் வேலையின் வேகம் இருக்கிறது. எல்லோருடைய கோடரியும் ஒன்றாக இறங்கினால், யார் தளர்ந்தார் என்று காவலாளிக்குத் தனியாகத் தெரியாது. கூடவே தனிக்குரல் வயல்கூவல்களையும் கேளுங்கள். தாளமே இல்லாமல், காந்தாரத்தில் வழுக்கிக்கொண்டு போகும் ஒற்றைக் குரல். ஐந்தாம் படியில் கேட்ட சுரம் இங்கே இருக்கிறது.

தேதிப் பொறி இங்கேயும் உண்டு. பதிவு 1947, பாடும் முறை அதைவிடப் பழையது. இவற்றை முதலில் கேட்டவர்கள் ஏதோ பழைய ஆவணம் என்று கேட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். கடைசியில் கேட்டால், இது வரை கேட்டவற்றின் துண்டுகள் ஒவ்வொன்றாகக் காதில் தட்டும்.

ஆப்பிரிக்காவோடு உள்ள தொடர்பைப் பேசும்போது நிதானம் தேவை. 1739-இல் அடிமைகள் நடத்திய ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பின் தென் கரோலினாவில் அடிமைகள் மேளம் அடிக்கச் சட்டம் தடை போட்டது உண்மை. அதை வைத்து அமெரிக்கா முழுக்க மேளம் அழிந்தது என்று எழுதுவார்கள். வடக்கு மிசிசிப்பியில் குழலும் மேளமும் சேர்ந்த இசையை 1942-இல்கூட லோமாக்ஸ் பதிந்தார். அதே போல மாலி நாட்டின் அலி ஃபர்கா டூரேவைப் போட்டுக் காட்டி, பாருங்கள் வேர் என்பார்கள். அவர் ஜான் லீ ஹூக்கரின் தட்டுகளைக் கேட்டவர். ஒற்றுமை இரு திசையிலும் பயணம் செய்திருக்கிறது.

10. பெயரும் தேதியும் சரிபார்க்க

ஜான்சன்கள் நான்கு பேர்: ராபர்ட், டாமி, லானி, பிளைண்ட் வில்லி. யாரும் யாருக்கும் உறவில்லை. மேமி ஸ்மித்தும் பெஸ்ஸி ஸ்மித்தும் அப்படியே. பிளைண்ட் வில்லி மெக்டெல் வேறு ஆள், ஜார்ஜியாக்காரர், 12 தந்திக் கிட்டார்.

வெள்ளப் பாடல்களில் தேதி பாருங்கள். 1927 ஏப்ரலில் மிசிசிப்பி கரை உடைத்த பெருவெள்ளத்தைப் பற்றியது என்று பெஸ்ஸி ஸ்மித்தின் 'பேக் வாட்டர் ப்ளூஸ்' பாட்டைப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பதிவானது அதே ஆண்டு பிப்ரவரியில். வெள்ளம் வருவதற்கு முன்பே மக்கள் கையில் அந்தப் பாட்டு இருந்தது. அந்த வெள்ளத்தையே பாடியது வேண்டுமென்றால் சார்லி பேட்டனின் 'ஹை வாட்டர் எவ்ரிவேர்', இரண்டு பக்கம். கேன்சஸ் ஜோவும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929-இல் பாடிய 'வென் த லெவி பிரேக்ஸ்' இன்னொன்று.

ப்ளூஸ் என்றாலே அழுகை என்று நினைத்து உம்மென்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு 1928-இன் 'இட்ஸ் டைட் லைக் தட்'. டாம்பா ரெட்டும் ஜார்ஜியா டாமும் சேர்ந்து பாடிய விரசமான நகைச்சுவைப் பாட்டு, சக்கைப்போடு போட்டது. ஜார்ஜியா டாம்தான் பின்னாளில் தாமஸ் டார்சி என்ற பெயரில், கறுப்பினத் தேவாலயங்களின் பக்தி இசையான காஸ்பலின் தந்தையானார்.

கடைசியாக, சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இரண்டு பேர், இருவரும் மவுத் ஆர்கன்காரர்கள். 'குட் மார்னிங் ஸ்கூல் கேர்ள்', 1937 என்றால் முதலாமவர், ஜான் லீ வில்லியம்சன். 1948-இல் கொல்லப்பட்டார். பதிவின் ஆண்டு 1951-ஓ அதற்குப் பிறகோ என்றால், அது இரண்டாமவர், ரைஸ் மில்லர். தளங்களில் இருவர் படமும் மாறி மாறித்தான் வரும். படத்தை நம்பாமல் ஆண்டைப் பாருங்கள்.